ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போகும் ஏற்காடு, சேலம் தம்பிகளுக்கு

இரண்டு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை எனக்குப் பதினொரு மாதம் இழுத்தது. அதற்குள் சங்ககிரியில் மாமா சொல்லி வைத்திருந்த லாரி வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. என்னை யாரும் ஏமாற்றவில்லை. எந்தத் தாளில் எந்தத் தேதியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, சொல்லித் தரவும் ஆள் இல்லை.

ஏற்காட்டில் எஸ்டேட் ஜீப்பும் பிக்கப்பும் ஓட்டிக்கொண்டிருக்கிற தம்பிகள் பலர் லாரிக்கோ பஸ்ஸுக்கோ மாறப் பார்க்கிறீர்கள். நல்ல முடிவுதான். ஆனால் மலையிலிருந்து ஒருமுறை கீழே இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. ஒரு ஜெராக்ஸை மறந்துவிட்டுப் போனால் இன்னொரு நாளும் போச்சு. அதனால் எதை எடுத்துப் போக வேண்டும், எவ்வளவு ஆகும், எத்தனை நாள் பிடிக்கும் என்பதைத்தான் இதில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

1. உங்களுக்கு ஹெவி தேவையா என்று முதலில் பாருங்கள்

எல்லோருக்கும் தேவையில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை ஓட்ட சாதாரண கார் லைசென்ஸே போதும். 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதிப்படுத்திவிட்டது. ஏற்காட்டுக்கு டூரிஸ்ட் ஏற்றும் டாக்சி, காய்கறி ஏற்றும் சின்ன யானை, பிக்கப் எல்லாம் இதில் அடங்கும். இதற்காக ஒருவர் உங்களிடம் ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இங்கே எடை என்பது ஆர்.சி.யில் பதிவான மொத்த எடை, அதாவது வண்டியும் லோடும் சேர்ந்தது. 14 அடி வண்டிகளில் சில இந்த எல்லைக்குள் வரும், சில வெளியே போகும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். வண்டியின் ஆர்.சி.யைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் உட்கார வேண்டும்.

ஆறு சக்கர லாரி, பத்து சக்கர லாரி, டிப்பர், பஸ் என்றால் ஹெவி கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் ஓட்டியவருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்குத் தனியாக 5,000. விபத்து நடந்துவிட்டால் கதை இன்னும் மோசம். இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள முடியும். லாரி முதலாளிகள் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

2. வயதும் அந்த ஒரு வருடமும்

கார் லைசென்ஸுக்கு 18 வயது போதும். ஹெவிக்கு 20 நிறைந்திருக்க வேண்டும். முன்பு எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2019-ல் அதை எடுத்துவிட்டார்கள். படிப்பை நடுவில் விட்டவர்கள் தயங்க வேண்டாம்.

நான் மாட்டிக்கொண்டது அடுத்த நிபந்தனையில். ஹெவிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுக்க வேண்டுமானால் கார் லைசென்ஸ் உங்கள் கையில் குறைந்தது ஒரு வருடம் இருந்திருக்க வேண்டும். “நான் லைசென்ஸ் எடுத்து நாலு வருஷம் ஆச்சுங்க” என்று தைரியமாகப் போய் நின்றேன். கவுன்ட்டரில் இருந்தவர் என் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேனா முனையால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். நாலு வருடம் ஆனது டூவீலருக்கு. கார் வகையை நான் சேர்த்து நான்கே மாதம்தான் ஆகியிருந்தது. “எட்டு மாசம் கழிச்சு வாங்க தம்பி” என்றார்.

கார்டில் ஒவ்வொரு வகைக்கும் எதிரே தனித் தேதி இருக்கும். எல்.எம்.வி. (கார் போன்ற லைட் வண்டி) என்ற வரிக்கு எதிரே உள்ள தேதியிலிருந்துதான் ஒரு வருடத்தைக் கணக்கிட வேண்டும். இப்போதே கார்டை எடுத்து அந்தத் தேதியைப் பாருங்கள். 18, 19 வயதில் இருப்பவர்கள் டூவீலரோடு காரையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். 20 வயது ஆகும்போது அந்த ஒரு வருடம் தானாகவே முடிந்திருக்கும்.

கார்டு பழையதா, புத்தக வடிவில் இருந்த காலத்ததா? அப்படியானால் அது அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாஹன் தளத்தின் ‘சாரதி’ பகுதியில் ஏறியிருக்கிறதா என்று லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏறவில்லை என்றால் லைசென்ஸ் கொடுத்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அசலைக் காட்டி முதலில் அதை ஏற்றச் சொல்லுங்கள். அது முடியாமல் மற்ற எதையும் தொடங்க முடியாது.

3. பெயர், இனிஷியல், பிறந்த தேதி

நம் ஊரில் பெரும்பாலோருக்கு வரும் சிக்கல் இது. ஆதாரில் ‘குமார் ஆர்’, லைசென்ஸில் ‘ஆர் குமார்’, பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரோடு ‘குமார் ராமசாமி’. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று ஆள்.

சரி, எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? நான் அவசரப்பட்டு லைசென்ஸில் இருப்பதுபோல ஆதாரை மாற்றினேன். அப்புறம் பிறந்த தேதிக்குக் கொடுத்த பள்ளிச் சான்றிதழோடு அது ஒட்டவில்லை. மறுபடியும் மாற்றினேன். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரு முறைதான். பெயருக்கான என் இரண்டு வாய்ப்பும் இப்படியே தீர்ந்துவிட்டன.

அதனால் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் உங்களிடம் எது இருக்கிறதோ அதை முதலில் ஒரு மேஜைமேல் வையுங்கள். பிற்பாடு மாற்றக் கடினமானது அதுதான். ஆதாரை அதற்குப் பொருந்தச் செய்யுங்கள், ஒரே முறை, எழுத்துக்கு எழுத்து. அதன் பிறகு லைசென்ஸில் திருத்தம் தேவையா என்று பாருங்கள். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் உங்கள் கையில் இருப்பதாகவும் இருக்க வேண்டும். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். பழைய சிம்மைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் முதலில் எண்ணை மாற்றுங்கள்.

முகவரியிலும் கவனம் தேவை. எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்கள் வெறும் எஸ்டேட் பெயரை மட்டும் போட்டுவிடுவார்கள். லைன் எண், வீட்டு எண், கிராமம், அஞ்சலகம், பின்கோடு எல்லாம் இருக்க வேண்டும். ஏன் என்பது எட்டாம் படியில் புரியும்.

4. மெடிக்கல்

ஹெவிக்குப் படிவம் 1ஏ கட்டாயம். பதிவு பெற்ற மருத்துவர் உங்களைப் பரிசோதித்து, உங்கள் போட்டோ ஒட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பதிவு எண்ணோடு முத்திரை வைக்க வேண்டும். கண் பார்வை, சிவப்பு பச்சை நிற வேறுபாடு, மாலைக்கண், காது, கை கால் அசைவு இவற்றைப் படிவம் கேட்கும். வலிப்பு வந்ததுண்டா என்பதை நீங்களே நிரப்பும் படிவம் 1 கேட்கும்.

ஆளைப் பார்க்காமலே கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம் தம்பி. நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுப் போங்கள். கண்ணாடி தேவையென்றால் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடியோடு லைசென்ஸ் எடுக்கலாம். நிறம் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்பது இந்தப் படியில் தெரிந்தால் டிரைவிங் ஸ்கூலுக்குக் கட்டும் பணமாவது மிஞ்சும்.

5. எல்.எல்.ஆர்.

பரிவாஹன் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இன்டர்நெட் பழக்கமில்லாதவர்கள் இ-சேவை மையத்தில் சிறு சேவைக் கட்டணத்தில் செய்துகொள்ளலாம். ஒன்றே ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பாருங்கள்.

வண்டி வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று வரும். என்னோடு எஸ்டேட்டில் இருந்த ஒரு பையனுக்கு அங்கேதான் தவறு நடந்தது. விண்ணப்பத்தைப் போட்டவர் லைட் வண்டிக்கான டிரான்ஸ்போர்ட் வகையைத் தட்டிவிட்டார். பணம் கட்டியாயிற்று, டெஸ்ட் முடிந்தாயிற்று, கார்டும் வந்துவிட்டது. சேலத்தில் ஒரு லாரி ஆபீசில் நீட்டியபோதுதான் “இது ஹெவி இல்லையே தம்பி” என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவன் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தான். கடைசிப் பொத்தானை அழுத்துவதற்குமுன் வகையின் பெயரை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள்.

அரசுக் கட்டணம் பெரிதில்லை. எல்.எல்.ஆருக்கு வகை ஒன்றுக்கு 150 ரூபாய், எழுத்துத் தேர்வு இருந்தால் அதற்கு 50. ஓட்டிக் காட்டும் டெஸ்டுக்கு 300. இருக்கும் லைசென்ஸில் புது வகை சேர்க்க 500. இவற்றோடு கார்டுக் கட்டணமும் மாநிலச் சேவைக் கட்டணமும் சேரும். ஒவ்வொன்றுக்கும் ரசீது வரும், பத்திரமாக வையுங்கள்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முதல் 30 நாள் முடியாமல் டெஸ்டுக்குப் போக முடியாது. 30-ஆம் நாளுக்கும் ஆறாம் மாதத்துக்கும் நடுவில் டெஸ்டை முடிக்க வேண்டும். தவறினால் எல்.எல்.ஆருக்கு மறுபடி பணம், மறுபடி 30 நாள்.

எந்த ஆர்.டி.ஓ.? சேலம் மாவட்டத்தில் சேலம் மேற்கு (டி.என். 30), கிழக்கு (54), தெற்கு (90), சங்ககிரி (52), ஆத்தூர் (77), மேட்டூர் (93) என்று அலுவலகங்கள் இருக்கின்றன. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மாநிலத்தில் எந்த அலுவலகத்திலும் விண்ணப்பிக்க இடமுண்டு. இருந்தாலும் உங்கள் முகவரிக்கு உரிய அலுவலகத்திலேயே போடுவது நல்லது. ஏதாவது சிக்கல் வந்தால் போய் நிற்க அதுதான் வசதி.

6. டிரைவிங் ஸ்கூல்

காருக்கு அப்பாவிடமோ நண்பனிடமோ கற்றுக்கொண்டு டெஸ்டுக்குப் போய்விடலாம். ஹெவிக்கு முடியாது. அங்கீகாரம் பெற்ற டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5 சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பத்தை எடுக்கவே மாட்டார்கள். பத்து வருடம் கிளீனராக இருந்து வண்டியை முழுதாகத் தெரிந்தவருக்கும் இதே விதிதான்.

பணம் அதிகம் போவது இங்கேதான். நான் சேர்ந்த இடத்தில் 12,000 கேட்டார்கள். அதில் எது எது அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். அரசுக் கட்டணம் சேர்ந்ததா, டெஸ்ட் நாளுக்கு வண்டி வாடகை தனியா, ஃபெயிலானால் இரண்டாவது முறைக்கு வண்டி எவ்வளவு என்ற மூன்றையும் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விதிப்படி ஹெவிக்குக் குறைந்தது 30 நாள் பயிற்சி, அதில் குறைந்தது 15 மணி நேரம் நீங்கள் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். யார் எத்தனை மணி ஓட்டினார் என்று ஸ்கூல் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். அதுதான் படிவம் 15. ஐந்து பேரை ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுக்கும் இடங்களும் உண்டு. அப்படிப் போனால் 30 நாளில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம். சேரும் முன் ஒரு நாள் காலையில் போய் அவர்கள் வண்டி கிளம்பும்போது எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

“வரவே வேண்டாம், சான்றிதழ் மட்டும் தருகிறோம்” என்ற இடத்தின் பக்கமே போகாதீர்கள். மற்ற ஊர்க்காரர்களை விட நமக்கு இதில் ஆபத்து அதிகம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. அந்தப் பக்கம் தருமபுரிக்குப் போனால் தொப்பூர் கணவாய். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள்மேல் லாரி மோதிய செய்தியை அந்த இடத்தைப் பற்றி எத்தனை முறை படித்திருக்கிறோம்! ஜீப்பில் நாம் பழகிய இறக்கம் வேறு, முதுகில் பத்து டன்னோடு இறங்குவது வேறு. ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வதை இந்த 30 நாளில் காலும் கையும் பழகிவிட வேண்டும்.

எனக்கு வாய்த்த மாஸ்டர் நல்லவர். மேட்டில் நிறுத்தி எடுப்பது எனக்கு வரவேயில்லை. கிளட்ச்சை விட்டதும் வண்டி ஒரு அடி பின்னால் உருண்டுவிட்டுத்தான் முன்னே போகும். ஒரு நாள் கோரிமேட்டுப் பக்கம் ஒரு சரிவில் நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்ப் பின் சக்கரத்துக்குப் பின்னால், டயரை ஒட்டி ஒரு தீப்பெட்டியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “பெட்டி நசுங்கக் கூடாது. அவசரம் இல்ல. கியர் லீவர் நடுங்குதா பாரு, நடுங்கினப்புறம் ஹேண்ட் பிரேக்கை விடு.” முதல் பெட்டி நசுங்கியது. இரண்டாவதும் நசுங்கியது. மூன்றாவது முறை கிளட்ச்சை மெல்ல விட்டபோது லீவரின் தலை என் உள்ளங்கையில் மெதுவாக அதிர்வதை முதன்முதலாக உணர்ந்தேன். பிரேக்கை விட்டேன், வண்டி நேராக மேலே ஏறியது. இறங்கி ஓடிப் போய் எடுத்துப் பார்த்தேன், பெட்டியின் ஒரு மூலைகூட மடங்கவில்லை. இப்படி மூன்று முறை முயல ஒருவருக்கு நேரம் கிடைக்க வேண்டும். 15 மணி நேரத்தை விடாதீர்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

எல்.எல்.ஆரில் ஓட்டும்போது வண்டிக்கு முன்னும் பின்னும் ‘எல்’ போர்டு இருக்க வேண்டும், லைசென்ஸ் உள்ள பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். பழக்கத்துக்கு என்று தெரிந்தவர் லாரியைத் தனியாக எடுத்துவிடாதீர்கள்.

7. டெஸ்ட் நாள்

முந்தைய நாள் இரவே ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றைப் போட்டு வையுங்கள்: அசல் எல்.எல்.ஆர்., அசல் லைசென்ஸ், ஆதார், படிவம் 5, படிவம் 1ஏ, கட்டண ரசீதுகள், டெஸ்டுக்கு நாள் ஒதுக்கிய தாள். எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ். டெஸ்ட் வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்றிதழ்), புகைச் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று ஸ்கூலில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் எஃப்.சி. முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினால் அலைவது நீங்கள்தான்.

ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். முடிந்தால் முந்தைய நாளே சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். தூக்கம் கெட்டு, வளைவுகளில் வயிறு புரண்டு வந்து இறங்கிய கையோடு லாரியில் ஏறுவது நல்லதில்லை. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பக்கத்தில் உட்கார்ந்ததும் சாவியைத் திருகிவிடாதீர்கள். சீட்டைச் சரிசெய்து, இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்து, சீட் பெல்ட்டைப் போட்டு, ஏர் பிரஷர் முள் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இந்த ஒரு நிமிடத்தை அவர்கள் கவனிக்கிறார்கள். ரிவர்ஸ், மேட்டில் நிறுத்தி எடுப்பது, கியர் இறக்குவது, சிக்னல் காட்டுவது எல்லாம் வரும். கேள்விகளும் கேட்பார்கள். விபத்து நடந்தால் டிரைவர் என்ன செய்ய வேண்டும், வண்டியில் என்னென்ன தாள் இருக்க வேண்டும், ஆளில்லா ரயில்வே கேட்டில் எப்படிப் போக வேண்டும் என்பவை வழக்கமானவை. மலைச்சாலையைப் பற்றியும் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அகலம் போதாத இடத்தில் இறங்கும் வண்டிதான் ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும்.

ஃபெயிலானால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம், டெஸ்ட் கட்டணம் மறுபடி கட்ட வேண்டும். மூன்று முறையும் போய்விட்டால் 60 நாள் காத்திருக்க வேண்டும். எல்.எல்.ஆரின் ஆறு மாதம் அதற்குள் முடிந்துவிடாதபடி நாளை எண்ணிக்கொள்ளுங்கள். முதல் டெஸ்டை ஐந்தாம் மாதத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

8. கார்டு கைக்கு வருவது

2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் லைசென்ஸும் ஆர்.சி.யும் விரைவு அஞ்சலில்தான் வருகின்றன, கையில் தருவதில்லை. முகவரி சரியில்லை என்றாலோ செல்போன் எடுக்கவில்லை என்றாலோ கார்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே திரும்பிவிடும். என் கார்டு அப்படித்தான் திரும்பியது. லைன் எண் இல்லாத முகவரி, நான் வேலையில் இருந்த நேரம், டவர் கிடைக்காத இடம். மூன்றாம் படியில் முகவரிக்காக அவ்வளவு சொன்னது இதற்காகத்தான். டெஸ்ட் முடிந்த வாரமே உங்கள் தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மலையில் அவருக்கு எல்லோரையும் தெரியும்.

கவரைப் பிரித்ததும் பெயர், பிறந்த தேதி, வண்டி வகை, இரண்டு செல்லுபடித் தேதிகள் எல்லாவற்றையும் அங்கேயே பாருங்கள். லாரிக்கா பஸ்ஸுக்கா, நீங்கள் கேட்ட வகைதானா? எல்.எம்.வி. டி.ஆர். என்று மட்டும் இருந்தால் அது லைட் வண்டி. கார்டும் சாரதி தளத்தில் உள்ள விவரமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேலை கொடுப்பவர் பார்ப்பது தளத்தைத்தான். டிஜிலாக்கரிலும் இறக்கி வையுங்கள், வழியில் கேட்டால் அதைக் காட்டலாம்.

9. டேங்கர் ஓட்ட நினைப்பவர்கள்

நாமக்கல் கேஸ் டேங்கர்களுக்கும் பெட்ரோல், ஆசிட் ஏற்றும் வண்டிகளுக்கும் ஹெவி மட்டும் போதாது. அபாயகரமான சரக்கு ஏற்ற லைசென்ஸில் தனி ஒப்புதல் வேண்டும். மூன்று நாள் பயிற்சி வகுப்பு முடித்த சான்றிதழ் அதற்குத் தேவை. தமிழ் போன்ற ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வண்டியின் அபாயப் பலகையும் அவசரக் குறிப்பும் ஆங்கிலத்தில் இருக்கும், எனவே இது நியாயமான நிபந்தனைதான். அரசுக் கட்டணம் 100 ரூபாய். இந்த ஒப்புதல் மூன்று வருடம் செல்லும், புதுப்பிக்க ஒரு நாள் மறுபயிற்சி உண்டு. ஹெவி எடுத்த கையோடு இதற்கு ஓட வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு வருடமாவது சாதாரண லோடு ஓட்டி, இறக்கத்தில் நிதானம் வந்த பிறகு போங்கள்.

10. அரசு பஸ்

சேலம் கோட்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் சேர நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2025-ல் வந்த டிரைவருடன் கண்டக்டர் பணி அறிவிப்பில் 24 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஹெவி லைசென்ஸோடு 18 மாத அனுபவம், கண்டக்டர் லைசென்ஸ், முதலுதவிச் சான்றிதழ், பொதுப்பணி வில்லை (பேட்ஜ்) எல்லாம் கேட்டிருந்தார்கள். குறைந்தது 160 செ.மீ. உயரமும் 50 கிலோ எடையும் வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு கண்டக்டர் லைசென்ஸுக்கும் முதலுதவிச் சான்றிதழுக்கும் ஓடினால் கடைசித் தேதி போய்விடும். லாரி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இவற்றை எடுத்து வைத்துவிடுங்கள்.

11. புதுப்பிப்பது

கார்டில் இரண்டு தேதி என்று சொன்னேன் அல்லவா? சொந்தக் கார், டூவீலருக்கான தேதி நீண்டு போகும். 30 வயதுக்குள் எடுத்திருந்தால் 40 வயது வரை செல்லும். டிரான்ஸ்போர்ட் தேதி ஐந்து வருடம்தான். பெரிய தேதியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்து, சின்னத் தேதியைத் தவறவிட்டு வழியில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். முடிந்த மறுநாளே அந்த லைசென்ஸ் லாரிக்குச் செல்லாது. முன்பு இருந்த 30 நாள் சலுகை இப்போது இல்லை.

தேதி முடிய ஒரு வருடத்துக்கு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். கட்டணம் 200 ரூபாயும் கார்டுக்கானதும். படிவம் 1ஏ மெடிக்கல் மறுபடியும் வேண்டும். முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் டெஸ்ட் ஓட்டிக் காட்டித்தான் திரும்பப் பெற முடியும்.

வட இந்திய டிரிப்பில் இருக்கும்போது தேதி வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பொங்கலுக்கோ மாரியம்மன் பண்டிகைக்கோ ஊருக்கு வந்து தங்கும் நாட்களில் இதை முடித்துவிடுங்கள். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதியாதவர்கள் அதே வருகையில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஆதார், லைசென்ஸ், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் நான்கையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.